நடந்து போகிறவர்களுக்கு நிறுத்தும் ஊர்

தமராக் முனை, மிச்சிகன்
செப்டம்பர் 14

அன்புள்ள ஐலாவுக்கு,

உன் சித்தப்பா ரெய்னோ எழுதுவது. நீ கப்பலேறிப் போனதிலிருந்து இந்த ஊரை நான் ஒருத்தன்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. கண்டுபிடித்தது யார் என்று கேட்காதே, எனக்குத் தற்பெருமை பிடிக்காது. நான்தான்.

மருத்துவமனை ஆலோசனை அறையில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் கண் துடைக்கிற காகிதப் பெட்டி, சாத்திய கதவு. கோடை முழுக்கப் போய் அந்தப் பெட்டியையே பார்த்துவிட்டு வந்தார் அண்ணன். ஒரே ஒரு தடவை என்னிடம் வாய் திறந்தார். "விசாரணையில உக்காந்த மாதிரியே இருக்குடா." அவ்வளவுதான். போன ஜனவரிப் புயலில் அவர் ஓட்டிய பனி தள்ளும் லாரி, பனிக்குள் புதைந்து கிடந்த காரை இடித்து உள்ளே இருந்த ரோஸ்மேரி செத்துப்போனாள். யார் ஓட்டியிருந்தாலும் அந்தக் கார் கண்ணில் பட்டிருக்காது என்று விசாரித்தவர்களே எழுதிக் கொடுத்தார்கள். எழுத்தை வைத்து என்ன செய்வது? அண்ணன் இன்னும் சாலைக்கு முதுகைக் காட்டித்தான் சமையலறையில் உட்காருகிறார்.

இப்போது டெனீஸ் என்று ஓர் ஆலோசகர் வந்திருக்கிறார். அறையே கிடையாது. வெளியே மரம், காற்று, ஏரி என்று நடந்துகொண்டே பேசுவதுதான் அவர் வைத்தியம். பெரிய பெரிய நகரங்களில் இதைப் படித்துப் பட்டம் வாங்குகிறார்களாம். எட்டாம் வகுப்போடு நான் நிறுத்திக்கொண்டதால், இதை நாற்பது வருஷமாக நான் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தார். அண்ணனிடம், "பேசணும்னு இல்ல வெய்க்கோ, நடந்தா போதும். மழை வந்தா ரெண்டு பேரும் நனைவோம்" என்றார்.

"நானும் வரேன், டாக்டரம்மா. உங்களுக்கு வழி தெரியாதே" என்றேன்.

"நான் டாக்டர் இல்ல ரெய்னோ. ரோடும் ஒண்ணுதான் இருக்கு."

இருந்தாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. கொஞ்சம் தள்ளி மரங்களுக்கு நடுவே பின்தொடர்ந்தேன். நல்லவேளை. நம் சமையலறைக் கதவு உயரத்துக்கு ஒரு கரடி அவர்களை நோக்கி வந்தது. நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்தது. விறகுக் கொட்டகை அளவு உடம்பைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அண்ணனுக்கு இது தெரியாது. சொல்லிக்காட்டுவது என் வழக்கமில்லை.

உன் சித்தப்பா,
ரெய்னோ


கப்பலிலிருந்து, டுலூத் போகும் வழியில்
செப்டம்பர் 25

சித்தப்பா,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து, வாளியில் உங்கள் கடிதத்தை மேலே ஏற்றினோம். அடுப்பில் சூப்பு பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் படித்தேன்.

கரடியை நான் நம்பவில்லை. ஒரே கடிதத்துக்குள் கதவாக இருந்தது கொட்டகையாக வளர்ந்துவிட்டது. கரடி போகட்டும். எனக்கு உண்மை வேண்டும். அப்பா தொலைபேசியை எடுப்பதில்லை, ஏரி நடுவே எனக்குச் சிக்னலும் இல்லை. கோடை விடுப்பு முழுவதையும் அவரோடு இருந்து தீர்த்துவிட்டேன். இந்தக் கப்பல் சமையலறைக்கு வேறு ஆளும் இல்லை. ஜனவரியில் கப்பலைக் கரையில் கட்டிப்போடும்வரை உங்கள் கண்தான் என் கண். அது கதை சொல்கிற கண்ணாக இருந்தால் நான் என்ன செய்வது?

மே மாதம் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "அடுத்த பனி விழும்போது நான் இருக்கக் கூடாது." பாத்திரம் கழுவிக்கொண்டே, மழை வரும்போல என்கிற குரலில் சொன்னார். இங்கே ஒவ்வொரு நாளும் வானத்தைத்தான் பார்க்கிறேன்.

சாப்பிடுகிறாரா? அவருடைய துப்பாக்கிகள் உங்களிடம்தானே இருக்கின்றன? டெனீஸ் அவரை என்ன கேட்டார்? அவர்கள் பின்னால் போகாதீர்கள். அது அவர்கள் இருவருக்கும் உள்ள நேரம்.

ஐலா


தமராக் முனை
அக்டோபர் 16

அன்புள்ள ஐலாவுக்கு,

துப்பாக்கிகள் என் வீட்டில், என் பூட்டுக்குள். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று அந்த முதல் செவ்வாயே வாங்கி வந்துவிட்டேன். அப்படிச் செய்யச் சொன்னது டெனீஸ்தான், ஆனால் அதே யோசனை எனக்கும் வந்துகொண்டிருந்தது. அண்ணன் திருப்பிக் கேட்கவில்லை. மான் வேட்டைக் காலம் நெருங்கியும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் போவதை நிறுத்திவிட்டேன். டெனீஸ் கண்டுபிடித்துத் திட்டினார் என்று ஊரில் பேசிக்கொண்டால் நம்பாதே. நானாகவே ஓய்வு எடுத்துக்கொண்டேன்.

இனி நல்ல சேதி. அண்ணன் பேசினார். யாரும் எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, இந்த ஊரில் காற்றே சொல்லும். இந்தத் தடவை காஸ் சிலிண்டர் கொண்டுவரும் கார்லோ சொன்னான். அவன் லாரியை நிறுத்தியபோது டெனீஸ் சதுப்பு ஓரத்துத் தமராக் மரங்களைப் பார்த்து, "ஊசி இலை மரமாச்சே, இப்படி மஞ்சளாகுது. நோயா? சாகுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அண்ணன் மரத்தைப் பார்த்தபடியே, "சாகாது. உதுத்துட்டு நிக்கும். வெளியூர்க்காரங்க செத்துப்போச்சுன்னு வெட்டிடுவாங்க" என்றாராம். ஒன்பது மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு இதுதான். அறையில் காகிதப் பெட்டியைப் பற்றி யார் இவ்வளவு பேச முடியும், சொல்லு.

என்னிடம்கூட ஒருநாள் சொன்னார். "அந்தம்மா என் மூஞ்சியப் பாக்கறதில்லடா. ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டுப் போறோம். பேசாம இருந்தாலும் பேசாம இருக்கற மாதிரித் தெரியல." சோறும் இறங்குகிறது. இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டையும் பார்த்தார்.

ஒரே ஒரு தொல்லை. கார்லோ ஏன் நிறுத்தினான் என்று உனக்குத் தெரியும். நம் ஊரில் ஒருத்தன் சாலையில் நடந்துபோனால் அவன் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். நிறுத்தாமல் போகிறவன் மனுஷனில்லை. அதனால் ஒவ்வொரு செவ்வாயும் வருகிற வண்டியெல்லாம் நிற்கிறது. "ஏறுங்க வெய்க்கோ, எங்க விடணும்?" என்று கேட்கிறார்கள். டெனீஸ் மென்மையாகச் சொல்லி அனுப்புகிறார். கிழவி லெம்பி மட்டும் விடவேயில்லை. "இந்தக் குளிர்ல பொம்பளப் பிள்ளைய நடக்க வெக்கறியே, வெக்கமா இல்ல?" என்று அண்ணனைத் திட்டி, இரண்டு பேரையும் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். பாதிப் பேச்சில் வைத்தியம் முடிந்தது.

கவலைப்படாதே. இதை நான் சரிசெய்துவிடுகிறேன். எப்படி என்று ஒரு யோசனை இருக்கிறது.

கரடி மறுபடி வந்தது. இந்தத் தடவை குட்டியோடு. என்னை அடையாளம் கண்டு ஒதுங்கியது.

ரெய்னோ


கப்பலிலிருந்து
அக்டோபர் 27

சித்தப்பா,

"உதுத்துட்டு நிக்கும்." இந்த வரியை மாவு டப்பா மூடியில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இது ஏதோ சமையல் குறிப்பு என்று நினைக்கிறார்கள்.

தயவுசெய்து எதையும் சரிசெய்யாதீர்கள். வண்டிகள் நிற்கட்டும். நிறுத்துகிற ஒவ்வொருவரிடமும் அப்பா "வேண்டாம், நடக்கிறோம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவும் ஒரு பேச்சுதானே. உங்கள் யோசனை என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் யோசனைகளை எனக்குத் தெரியும். படகுக்கு அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வெளியேற்றியது நீங்கள்தானே.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்வரை நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் பயம். அதைச் சொல்லவும் இந்தக் கடிதத்தை விட்டால் வழியில்லை.

ஐலா


தமராக் முனை
நவம்பர் 3

அன்புள்ள ஐலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. இன்னும் பனி விழவில்லை. மேல்தளத்தில் நடக்கும்போது கவனமாக இரு.

ரெய்னோ


கப்பலிலிருந்து
நவம்பர் 11

சித்தப்பா,

கரடி எங்கே?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் கரடி இல்லை. நீங்கள் எதையும் தனியாளாகக் காப்பாற்றவில்லை. "எல்லாரும் நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் வாழ்நாளில் நீங்கள் இவ்வளவு சின்னதாக எதையும் சொன்னதில்லை. அம்மா செத்தபோதுகூட மூன்று பக்கம் எழுதினீர்கள்.

என்ன நடந்தது? அழகுபடுத்தாமல் எழுதுங்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதை அதற்குப் பிறகு.

ஐலா


தமராக் முனை
நவம்பர் 19

ஐலா,

உன் அப்பா உயிரோடு இருக்கிறார். நடப்பதை நிறுத்திவிட்டார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் என் யோசனையைச் செய்து முடித்துவிட்டேன். காப்பிக் கடையில் எல்லாரும் இருந்த நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். வெய்க்கோவுக்குத் தலைக்கு வைத்தியம் நடக்குது, அந்தம்மாவோட அவர் நடந்துபோறதப் பாத்தா யாரும் நிறுத்தாதீங்க, பேசாதீங்க, பாக்காத மாதிரிப் போயிடுங்க என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல ஜனங்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் போன் போட்டுச் சொன்னார்கள். நான் ஒரு ரொட்டித் துண்டுகூட வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த செவ்வாய் ஒரு வண்டியும் நிற்கவில்லை. கார்லோ நிற்கவில்லை. லெம்பி நிற்கவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாளாம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்கூடக் கையசைக்கவில்லை.

அண்ணன் பாதி வழியில் நின்றுவிட்டார். டெனீஸிடம், "தீர்ப்பு வந்துடுச்சு" என்றாராம். இந்த ஊர் யாருக்கு வண்டியை நிறுத்தாது என்று அவர் யோசித்திருக்கிறார். குடிகாரனுக்கும் நிறுத்துவோம். திருடனுக்கும் நிறுத்தி, ஏறியதும் திட்டுவோம். கொலை செய்தவன் ஒருத்தனைத்தான் விட்டுவிட்டுப் போவோம்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, அவங்க இல்ல, நான்தான் நிறுத்த வேணாம்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ எப்பவும் கதை சொல்லுவ ரெய்னோ. எனக்கு நல்லா இருக்கணும்னு சொல்ற. பரவால்ல" என்றார்.

உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை, ஐலா. அதை எப்படி நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்குப் போய், மறுபடி நிறுத்துங்கள் என்று சொன்னேன். "நிறுத்தச் சொல்றியா, வேணாங்கறியா? ஒண்ணு சொல்லு" என்கிறார்கள். இப்போது எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது. அவர் வீட்டு வாசலில் யாரும் வண்டியை நிறுத்துவதே இல்லை.

டெனீஸ் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது பதில் சொல்லத் தெரிந்திருக்கும். செவ்வாய்தோறும் வருகிறார். சமையலறைப் படியில் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். அவர் உள்ளே வருவதில்லை, அண்ணன் வெளியே வருவதில்லை. "கதவ மூடல பாருங்க, அது போதும் இப்போதைக்கு" என்கிறார். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தமராக் மரமெல்லாம் உதிர்ந்துவிட்டது. பனி எந்த நாளும் விழலாம்.

ரெய்னோ


கப்பலிலிருந்து, புயலுக்கு ஒதுங்கி நங்கூரமிட்ட இடத்தில்
நவம்பர் 26

சித்தப்பா,

உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். அடுப்பில் போட்டுவிட்டேன். அதைப் படித்து நீங்கள் இன்னும் ஏதாவது சரிசெய்யக் கிளம்பிவிடுவீர்கள்.

அலை அடங்கும்வரை கப்பல் நகராது. இறங்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. நாள் முழுக்க இருபது பேருக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன். உங்களுக்காவது நடந்துபோய்ப் பார்க்க ஓர் அண்ணன் இருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். தினமும் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் வேண்டாம், பக்கத்தில். பேசாதீர்கள். தேற்றாதீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டெனீஸ் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

பனி விழுந்தால் எழுதுங்கள்.

ஐலா


தமராக் முனை
டிசம்பர் 12

ஐலா,

உன் அப்பா உயிரோடு இருக்கிறார். பனி விழுந்துவிட்டது.

நீ சொன்னபடி தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசவில்லை. நீ நம்பமாட்டாய். அண்ணனே நம்பவில்லை, இரண்டாம் நாள், "உடம்பு சரியில்லயாடா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை பனி கொட்ட ஆரம்பித்தது. அண்ணனுக்குப் பதிலாக வந்திருக்கிற ஆள் பனி தள்ளும் லாரியை ஓட்டிக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போனான். அந்தத் தகடு சாலையை உரசுகிற சத்தத்தில் கோப்பையெல்லாம் ஆடும், உனக்குத் தெரியும். அண்ணன் கையிலிருந்த காப்பி கொட்டியது. துடைக்கவில்லை. எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் டெனீஸைக் கூப்பிட்டேன். "கிளம்பிட்டேன், ரோடு வழுக்குது, மெதுவாத்தான் வர முடியும். நீங்க பின்னாடி போங்க ரெய்னோ. கூப்பிடாதீங்க, பிடிக்காதீங்க. கண்ணுல இருந்து மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

அண்ணன் வளைவை நோக்கி நடந்தார். ரோஸ்மேரியின் கார் கிடந்த அதே வளைவு. ஜனவரிக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. நான் பின்னால். கூப்பிடாமல் பின்னால் நடப்பதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை, சொந்த அண்ணன் எதற்குப் போகிறார் என்று தெரியாமல். கார்லோவின் லாரி வந்தது. எங்களைப் பார்த்து வேகம் குறைத்தான், என்ன செய்வது என்று தெரியாமல் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

பிறகு ஒரு நீல நிற வண்டி, ஒரு விளக்கு எரியாமல். லைல். ரோஸ்மேரியின் புருஷன்.

அடக்கத்துக்குப் பிறகு லைல் காப்பிக் கடைக்கு வந்ததே இல்லை. நான் சொன்னதை அவனிடம் யாரும் போன் போட்டுச் சொல்லவும் இல்லை, யாருக்கு அந்தத் தைரியம்? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பனியில் ஒருத்தன் நடந்துபோகிறான்.

வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. யாரென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். நான் கால் அசையாமல் நின்றுவிட்டேன். ஓடிப்போய் நடுவில் நிற்கலாம் என்று நினைத்தேன். டெனீஸ் சொன்னது ஞாபகம் வந்தது.

அண்ணன் ஏறவில்லை. லைல் போகவும் இல்லை. அண்ணன் மறுபடி நடக்க ஆரம்பித்தார். வண்டி அவர் பக்கத்திலேயே, அவர் நடக்கிற வேகத்தில், கண்ணாடி இறங்கினபடியே உருண்டது. பனி வண்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ரெண்டு பேரும் முன்னால் ரோட்டைத்தான் பார்த்தார்கள். அப்படியே வளைவைத் தாண்டினார்கள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஐலா. பேசினார்களா என்றே தெரியாது. கேட்கிற தூரத்தில் நான் இல்லை.

டெனீஸ் வந்து எனக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பேசறாங்க?" என்று அவரிடம் நான் கேட்டேன். "அது நமக்கு இல்ல" என்றார். அவரும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர்களுக்கும் இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது.

அண்ணன் தானாகத் திரும்பி நடந்து வந்தார். தொப்பியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, கொட்டின காப்பியைத் துடைத்தார். டெனீஸிடம், "நாளைக்குச் செவ்வாய்தான?" என்றார். "ஆமா" என்றார் அவர்.

இவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். இன்னும் சாலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். லாரி போகும்போதெல்லாம் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். குளிர்காலம் முழுக்க அந்த லாரி போகும். துப்பாக்கிகள் என்னிடமே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை பனியில் நடந்தார்கள். லெம்பி வண்டியை நிறுத்தினாள், ஏற்றாமல் விட்டாள்.

இந்தக் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்கு என்றேன். இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு விஷயம். வளைவிலிருந்து திரும்பும்போது அந்தப் பெரிய கரடி பனிக்குள்ளிருந்து எழுந்து நின்றது. நான் அதன் கண்ணைப் பார்த்தேன்.

உன் சித்தப்பா,
ரெய்னோ

இந்த மாசம் கரடி தூங்கும். ஒண்ணும் வரல.
அப்பா